முதலில் அறையைப் பாருங்கள், பிறகு கடலைப் பார்க்கலாம்: வயதான நாய்களோடு விடுமுறை, கேள்வி-பதில்

பாடசாலை விடுமுறை நெருங்கினால் கிளினிக்கில் ஒரே கேள்விதான்: "டொக்டர், இவனையும் கூட்டிக்கொண்டு போகலாமா?" இளம் நாய் என்றால் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். வயதான நாய் என்றால் ஒன்றுக்கொன்று கதை வேறு. பெரிய இன நாய்களுக்கு ஏழெட்டு வயதிலேயே முதுமை தொடங்கிவிடும். சின்ன இனங்களுக்குப் பத்தைத் தாண்ட வேண்டும். நம் ஊர் நாய்கள் பதினான்கு வயதிலும் வாசல் மணிக்கு முதலில் ஓடும். இந்த முறை அப்படிப்பட்ட கிழவர்கள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன்.

எங்கள் லப்ரடோருக்கு 12 வயது. எழும்பும்போது பின்கால் இழுபடுகிறது, கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடும். ஓகஸ்டில் பெந்தோட்டையில் மூன்று நாள் தங்கப் போகிறோம். கடலில் நீந்தினால் மூட்டுக்கு நல்லதாமே? (தெஹிவளை வாசகி)

நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான். ஆனால் அது அலையில்லாத தண்ணீருக்குச் சொன்னது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசும் காலம். மேற்கிலும் தெற்கிலும் அலை கரையில் வந்து அறையும், திரும்பும்போது அடியில் இழுக்கும். பின்காலில் பலமில்லாத நாயால் அதில் நிற்கவே முடியாது. அந்த மாதங்களில் அமைதியான கடல் கிழக்கில்தான் இருக்கிறது: நிலாவெளி, பாசிக்குடா. பாசிக்குடாவில் வெகுதூரம் போனாலும் தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் தெஹிவளையிலிருந்து அங்கே போக அரை நாளுக்கு மேல் வாகனத்தில் முடங்கிக் கிடக்க வேண்டும். நீச்சலால் வரும் நன்மையை அந்தப் பயணமே தின்றுவிடும். அதனால் பெந்தோட்டைக்கே போங்கள், நீச்சலை மறந்துவிடுங்கள். அங்கே ஆறு இருக்கிறதே என்று அதிலும் இறக்கிவிடாதீர்கள், முதலை உண்டு.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் விடுமுறை அதில்தான் இருக்கிறது. ஹோட்டல் பதிவு செய்யும்போது எல்லோரும் கடல் தெரியுமா என்று கேட்கிறோம். நீங்கள் தரையைக் கேளுங்கள். இப்போதெல்லாம் எங்கு பார்த்தாலும் பளபளக்கும் டைல்ஸ். பின்கால் தளர்ந்த நாய் அதில் எழும்பும்போது கவனித்திருக்கிறீர்களா? முன்கால் ஊன்றிவிடும், பின்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்துகொண்டே போகும். இரண்டு தடவை முயன்று பார்க்கும். மூன்றாவது தடவை முயலாது, படுத்த இடத்திலேயே சிறுநீர் போய்விடும். வீட்டுக்காரர் அதை வெட்கம் கெட்ட நாய் என்று ஏசுவார். குற்றம் தரையில்.

ஆகவே கீழ்த்தள அறையைக் கேளுங்கள். அறைக்கும் தோட்டத்துக்கும் இடையில் எத்தனை படி என்று கேளுங்கள். "நாய் வரலாம்" என்று சொன்னால், இரவில் எங்கே படுக்கலாம் என்பதையும் கேளுங்கள். சில இடங்களில் அதற்கு அர்த்தம், வாகனம் நிறுத்துமிடத்தில் கட்டிவைக்கலாம் என்பது மட்டும்தான். போகும்போது இரண்டு மூன்று யோகா பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், படுக்கையிலிருந்து கதவு வரை, கதவிலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரை ஒரு பாதை போல விரித்துவிடுங்கள். கிளம்புமுன் நகத்தையும் பாதத்துக்கு இடையில் வளர்ந்த முடியையும் வெட்டிவிடுங்கள். இவ்வளவும் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கரையில் நடக்கும்போது காய்ந்த மணலைத் தவிர்த்து, அலை வந்து போன இறுகிய மணலில் நடத்துங்கள். காலை, மாலை பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மறுநாள் எழும்பக் கஷ்டப்பட்டால் அதைப் பாதியாக்குங்கள். மெலொக்ஸிகாம் போன்ற வலிக் குளிசை கொடுக்கிறீர்கள் என்றால் இன்னொன்று: கடல் தண்ணீரைக் குடித்து வாந்தி, பேதி வந்தால் அந்தக் குளிசையை நிறுத்திவிட்டு உடனே உங்கள் வைத்தியரைக் கூப்பிடுங்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைத் தாக்கும்.

கால் வலிக்கு அரைப் பனடோல் கொடுக்கலாமா? (வத்தளை)

வேண்டாம். பனடோலில் இருப்பது பரசிட்டமோல். நாய்க்கு அது எவ்வளவு என்பது வைத்தியர் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டிய விஷயம், கூடினால் ஈரல் போய்விடும். ஐபுபுரோஃபன் இன்னும் மோசம், வயிற்றில் புண்ணாக்கும். வீட்டில் பூனையும் இருந்தால் பனடோல் அட்டையையே எட்டாத இடத்தில் வையுங்கள்.

எங்கள் பக் நாய்க்கு 11 வயது. ஏப்ரல் விடுமுறையில் கல்கிசைக்குப் போனபோது பயங்கரமாக மூச்சு வாங்கியது. ஏசி போட்ட காரில்தான் போனோம், சாப்பிடப் போனபோது மட்டும் யன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போனோம். (பம்பலப்பிட்டி)

அந்த "மட்டும்" தான் பிரச்சினை. வெளியே 30 டிகிரி என்றால் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 40-ஐத் தொட்டுவிடும். யன்னலை இரண்டு விரல் அளவு திறப்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் காற்றில் உலர்ந்துதான் சூடு இறங்க வேண்டும். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது சரியாக உலராது. சப்பை மூக்கு வேறு. வயதும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகித் தொங்குவது, எச்சில் கெட்டியாக நூலாக வழிவது, நடை தள்ளாடுவது: இதில் எதைக் கண்டாலும் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கக் குழாய்த் தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி மூடாதீர்கள், உள்ளே சூடு தங்கிவிடும். முதலில் குளிரவைத்து, அதே கையோடு வைத்தியரிடம் ஓடுங்கள். தெளிந்துவிட்டது போலத் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும்.

காலை ஏழரைக்கு முன், மாலை ஐந்துக்குப் பின் என்று வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி தாங்க முடியாவிட்டால் நாயும் அதில் நடக்கக்கூடாது. பக் வளர்ப்பவர்களுக்கு மட்டுமில்லை, வயதான லப்ரடோர் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: குரைப்பு கரகரத்துப் போய், மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வந்தால் குரல்வளை செயலிழக்கத் தொடங்கியிருக்கலாம். கடற்கரைக்கு முன் கிளினிக்குக்கு வாருங்கள்.

இதயத்துக்குக் குளிசை எடுக்கும் 13 வயது பொமரேனியன். உனவட்டுனவுக்குக் காரில் போக ஆசை. வழியில் தம்பிலி (செவ்விளநீர்) கொடுக்கலாமா? உடம்புக்குக் குளிர்ச்சிதானே? (வெள்ளவத்தை)

போகலாம், நோய் கட்டுப்பாட்டில் இருந்தால். அதை நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நாய் அயர்ந்து தூங்கும்போது ஒரு நிமிடத்தில் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். போவதற்கு முன் ஒரு வாரம் தினமும் எண்ணி எழுதிவையுங்கள். 30-க்குக் கீழ் இருந்தால் நல்லது. அங்கே போன பிறகு திரும்பத் திரும்ப 30-ஐத் தாண்டினால் நுரையீரலில் நீர் சேர்கிறது என்று எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரைத் தேடுங்கள்.

தம்பிலி வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். இதய நோய்க்குக் கொடுக்கும் குளிசைகளில் சில உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கிவைப்பவை. எனலப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டும் அந்த வகை. அந்தக் குளிசையோடு தம்பிலியும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். வெறும் தண்ணீர் போதும், அதைத் தாராளமாகக் கொடுங்கள். சலம் போகும் குளிசை கொடுக்கும் நாய்க்குத் தாகமும் கூடும், அடிக்கடி இறங்கவும் வேண்டிவரும். அதிவேக நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, வெலிப்பன்ன ஓய்விடத்தை மனதில் வைத்துக் கிளம்புங்கள். குளிசைகளை மூன்று நாளுக்கு மேலதிகமாகக் கையில் வைத்திருங்கள். கருவாடு, சோயாச் சாப்பாடு, கடல் தண்ணீர் எதுவும் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உப்பு இவனுக்கு எதிரி.

காலிமுகத்திடலில் இறால் வடை கொடுத்தால் என்ன? ஒன்றே ஒன்றுதான்! (கொம்பனித்தெரு)

ஒரு இறாலை வடையிலிருந்து பிய்த்து, மேலோட்டைக் கழற்றி, மிளகாயைத் துடைத்துவிட்டுக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. மேலே தூவிய வெங்காயம்தான் ஆகாது, அது நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். கொத்து ரொட்டிக்கும் இதே பதில்.

எங்கள் 14 வயது நாய் வீட்டிலேயே சில இரவுகளில் காரணமில்லாமல் நடக்கிறது, மூலையில் போய் நின்று சுவரைப் பார்க்கிறது. கோஸ்கொடவில் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனால் மோசமாகுமா? (கொட்டாஞ்சேனை)

கொஞ்சம் மோசமாகும், தயாராகப் போங்கள். மனிதர்களுக்கு வரும் மறதி நோய் போல நாய்க்கும் முதுமையில் ஒன்று வருகிறது. பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடும். பழகிய வீட்டில் மூக்காலேயே வழி கண்டுபிடித்துவிடும், புது வீட்டில் அந்த உதவி இல்லை. அதனால் அதன் படுக்கை விரிப்பைத் தோய்க்காமல் அப்படியே கொண்டுபோங்கள். சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். மூலைகளில் பயணப்பையை வைத்து அடைத்துவிடுங்கள், உள்ளே போய் மாட்டிக்கொண்டு பின்னால் வரத் தெரியாமல் நிற்கும்.

வாசல் கதவைப் பூட்டுவது இங்கே இரண்டு காரணத்துக்காக. ஒன்று, காலி வீதியும் ரயில் பாதையும் கிட்டத்தில் இருக்கின்றன. மற்றது, கோஸ்கொட கடலாமைகள் இரவில் முட்டையிட ஏறும் கரை. நாய்க்கு அந்த முட்டை வாசனை தெரிந்தால் தோண்டாமல் விடாது. ஆமையும் முட்டையும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

இரவு அலைச்சல் புதிதாகத் தொடங்கியது என்றால், போவதற்கு முன் ஒரு தடவை காட்டிவிடுங்கள். மூளை என்று நினைத்து வந்த சிலருக்கு வெறும் மூட்டு வலியாக இருக்கும்.

கடல் தண்ணீரில் குளிப்பாட்டினால் சொறி போய்விடும் என்று அப்பா சொல்கிறார். (வெள்ளவத்தை)

வெள்ளவத்தைக் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதற்காகவே நாயை இழுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். சொறிக்குக் காரணம் தோலுக்குள் வாழும் நுண்ணிய பூச்சி, உப்புத் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. புண்ணில் எரிச்சல்தான் மிச்சம். இன்று வாயால் கொடுக்கும் நல்ல குளிசைகள் இருக்கின்றன, அப்பாவிடம் சொல்லுங்கள். கடலில் நனைந்த எந்த நாயையும் நல்ல தண்ணீரில் அலசி, காதையும் விரலிடுக்கையும் துடையுங்கள்.

நீர்கொழும்பில் மீன் இழுக்கும் கரையில் நடத்தலாமா? எங்கள் டைகர் கிடைத்ததை எல்லாம் வாயில் போடுவான். வயது 10. (ஜா-எல)

அப்படிப்பட்டவனைக் கரைவலை இழுக்கும் இடத்துக்கு விடவே கூடாது. வலையில் வந்ததில் விலைபோகாததைக் கழித்து மணலில் எறிந்துவிடுவார்கள், அதில் பேத்தை மீன் இருக்கும். அதன் நஞ்சு சமைத்தாலும் காய்ந்தாலும் போகாது. முதலில் வாந்தி, அப்புறம் கால்கள் துவண்டு மூச்சுத் தசையும் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. தின்றதைக் கண்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்புங்கள். தூண்டில் முள்ளை விழுங்கி நூல் வாயில் தொங்கினால் இழுக்கவும் வேண்டாம், குட்டையாக வெட்டவும் வேண்டாம். அந்த நூல்தான் எங்களுக்கு வழிகாட்டி.

கட்டாக்காலி நாய்கள் இன்னொரு பக்கம். கிழவனால் ஓடவும் முடியாது, சண்டை போடவும் முடியாது. "வயசாகிவிட்டது, இனி எதற்கு ஊசி" என்று விசர்நாய்த் தடுப்பூசியை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். வருடா வருடம் போடுங்கள், அட்டையைக் காரில் வையுங்கள். உங்களைக் கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மண்ணீரலில் கட்டி, சத்திரசிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டோம். அவளுக்குக் கடல் என்றால் உயிர். ஒரு தடவை கூட்டிப்போகலாமா? மாதக் கடைசியில் அண்ணா கனடாவிலிருந்து வருகிறார். (வெள்ளவத்தை)

போங்கள். மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். அந்தக் கட்டி எப்போது உடைந்து உள்ளே இரத்தம் கசியும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பிடுகிறாள், வாலாட்டுகிறாள் என்றால் இன்று நல்ல நாள்.

தூரம் வேண்டாம், உங்கள் ஒழுங்கைக்கு முன்னாலேயே கடல் இருக்கிறது. ரயில் பாதையைக் கடக்க வேண்டும் என்பதால் இரண்டு பேர் போங்கள். தடித்த விரிப்பில் படுக்கவைத்துத் தூக்கினால் வயிறு அழுத்தப்படாது. கிளம்புமுன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறிப் போயிருந்தால் கடலுக்கு இல்லை, கிளினிக்குக்கு. ஒரு மணி நேரம் போதும். சொந்தக்காரர் எல்லோரையும் கூப்பிட்டுப் படம் எடுக்கிறோம் என்று ஆளாளுக்கு மடியில் தூக்கிவைக்காதீர்கள், அவள் பாட்டுக்கு மணலை மோந்துகொண்டு கிடக்கட்டும். அண்ணாவுக்கு வீடியோ போதும்.

16 வயது, கண் தெரியாது, சிறுநீரகமும் பலவீனம். பாசிக்குடாவில் நான்கு நாள் குடும்ப ஒன்றுகூடல். விட்டுவிட்டுப் போனால் பாவம், கூட்டிப்போனால் கஷ்டம். (பத்தரமுல்லை)

விட்டுவிட்டுப் போங்கள். பாவம் என்பது உங்கள் மனதில் இருப்பது. அவனுக்கு வேண்டியது எண்ணி வைத்த பன்னிரண்டு அடியில் தண்ணீர்ப் பாத்திரம், பழகிய மூலையில் படுக்கை. நாய் விடுதியும் வேண்டாம், அங்கும் அதே குழப்பம், கூடவே மற்ற நாய்களின் சத்தம். தெரிந்த ஒருவர் உங்கள் வீட்டிலேயே வந்து படுக்கட்டும். போவதற்கு முந்திய வாரம் ஒரு இரவு நீங்கள் வெளியே தங்கி ஒத்திகை பாருங்கள்.

சாப்பாட்டை வேளைவாரியாகப் பொதி கட்டி வையுங்கள். தண்ணீர் எப்போதும் நிறைந்திருக்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் வைத்தியரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். போனில் அவன் பெயரைக் கூப்பிடாதீர்கள், குரல் கேட்ட பக்கமெல்லாம் முட்டிக்கொண்டு தேடுவான். அவசரம் வந்தால் சிகிச்சைக்கு யார் சம்மதம் சொல்வது, எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, உங்கள் கிளினிக்கில் ஒன்றும் பார்த்துக்கொள்பவரிடம் ஒன்றும் கொடுத்துவிட்டுப் போங்கள். பாசிக்குடாவில் கடலுக்குள் நிற்கும் உங்களுக்கு போன் கேட்காது.