லசான்யாவின் மேலே எந்த சீஸ்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நோன்பு மாதம் நெருங்கும்போதும் நத்தார் நெருங்கும்போதும் எனக்கு வரும் கேள்விகளில் பாதி லசான்யாவை, அதாவது மா குழைத்த தகடுகளைச் சோஸோடு அடுக்கி மேலே சீஸ் தூவிச் சுடும் இத்தாலிய உணவைப் பற்றியதாகவே இருக்கும். இறைச்சியைப் பதமாக வதக்குவதிலோ வெள்ளைச் சோஸ் காய்ச்சுவதிலோ நம்மவர்களுக்குச் சிக்கல் இல்லை. மேலே தூவும் சீஸில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். விலை கூடிய பொருள் வேறு, பிழைத்துப்போனால் வயிறு எரியும். ஆகவே இந்த முறை சீஸ் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா, மொசரெல்லா மட்டும் போட்டேன். ஓவனிலிருந்து எடுத்ததும் நூல் நூலாக இழுபட்டது. ஆனால் ருசியே இல்லை, ஆறியதும் ரப்பர் மாதிரி ஆகிவிட்டது. தங்கச்சி செடார் போடச் சொல்கிறாள். எது சரி? (கல்லடி)

இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. மேலே போடும் சீஸிடம் நாம் மூன்று வேலை கேட்கிறோம். உருகிப் பரவி மூட வேண்டும், பொன்னிறமாகச் சிவக்க வேண்டும், நாக்கில் ருசி நிற்க வேண்டும். மூன்றையும் ஒரே சீஸ் செய்வது அபூர்வம்.

மொசரெல்லா செய்யும்போது திரண்ட பாற்கட்டியை வெந்நீரில் போட்டு இழுத்து இழுத்துப் பிசைவார்கள். அதில் புரதம் நார் நாராகப் படிந்துவிடும். சூட்டில் நூல் விடுவது அதனால்தான். ஆனால் அது பழுக்கவைக்காத சீஸ், ருசிக்கு அதை நம்பக் கூடாது. செடார் மாதக்கணக்கில் பழுத்தது, ருசி உண்டு. அதை மட்டும் தடிப்பாகப் போட்டால் கொழுப்புப் பிரிந்து மேலே மஞ்சள் எண்ணெயாக நிற்கும், நாள்பட்ட செடார் என்றால் இன்னும் மோசம்.

நான் போடுவது மூன்று பங்கு மொசரெல்லா, ஒரு பங்கு செடார், கடைசியில் ஒரு பிடி பார்மசான். 9 அங்குலத்துக்கு 13 அங்குல ட்ரே என்றால் 180 கிராம் மொசரெல்லா, 60 கிராம் செடார், 25 கிராம் பார்மசான் தாராளம். அதற்கு மேல் போகும்போதுதான் ஆறியதும் தோல் மாதிரி இறுகுகிறது. உங்கள் லசான்யா ரப்பரானதில் சீஸின் அளவுக்கும் பங்கு இருக்கும் என்றே நினைக்கிறேன்.

தண்ணீரில் மிதக்கும் வெள்ளை உருண்டை மொசரெல்லாவை எடுக்க வேண்டாம். அதன் எடையில் பாதிக்கு மேல் நீர்தான், மேல் தகடு கஞ்சியாகிவிடும். பீட்சாவுக்கென்று விற்கும் ஈரம் குறைந்த கட்டியே நல்லது. உருண்டைதான் கிடைத்தது என்றால் பிய்த்து, துணியில் ஒற்றி, ஒரு மணி நேரம் வடியவிட்டுப் போடுங்கள். பைக்கற்றின் பின்பக்கத்தையும் பாருங்கள். பாலுக்குப் பதில் பாம் எண்ணெய் முன்னால் எழுதியிருந்தால் அது சீஸ் அல்ல, என்ன மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தாலியில் பொலோஞ்ஞா நகரத்தார் முறைப்படி செய்யும் லசான்யாவில் மொசரெல்லாவே கிடையாது. கீரை சேர்த்துக் குழைத்த பச்சைத் தகடு, இறைச்சிச் சோஸ், வெள்ளைச் சோஸ், பார்மசான், அவ்வளவுதான். மொசரெல்லாவும் ரிகொட்டா என்ற மென்மையான வெள்ளைச் சீஸும் தெற்கே நேப்பிள்ஸ் பக்கத்துப் பழக்கம். எனவே மொசரெல்லா கிடைக்காத நாளில் மனம் தளர வேண்டாம். மேல் தகட்டை ஓரம்வரை வெள்ளைச் சோஸால் மூடி, பார்மசானை மட்டும் தூவிச் சுடுங்கள். எனக்கு அதுதான் கூடப் பிடிக்கும்.

குளிர்சாதனப் பெட்டியில் முக்கோணச் சீஸ் இரண்டு பெட்டி கிடக்கிறது. மேலே போடலாமா? (அக்கரைப்பற்று)

மேலே வேண்டாம். உருகும், ஆனால் நூல் விடாது, அழகாகச் சிவக்கவும் சிவக்காது. கொழுப்பும் நீரும் பிரியாமலிருக்க அதில் ஒரு வகை உப்புச் சேர்த்திருப்பார்கள். அதே காரணத்தால் வெள்ளைச் சோஸுக்குள் அது அருமையான சாமான். நாலைந்து முக்கோணத்தைச் சூடான சோஸில் கரைத்துப் பாருங்கள், கட்டியில்லாமல் பட்டுப்போல வரும். சோஸுக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம்.

சீஸில் ஹலால் எப்படிப் பார்ப்பது? (காத்தான்குடி) வெள்ளிக்கிழமை மரக்கறி லசான்யா செய்கிறோம். பார்மசான் சைவமா? (ஆரையம்பதி)

அடுத்தடுத்த ஊரிலிருந்து வந்த இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். பாலை உறையவைக்க ரென்னட் என்ற நொதியைச் சேர்ப்பார்கள். பழைய முறையில் அதைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுப்பார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரோடு வரும் அசல் இத்தாலியச் சீஸுக்குக் கன்று ரென்னட்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. ஆகவே அது சைவம் அல்ல. ஹலால் பார்ப்பவருக்கு அந்தக் கன்று எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி வரும். அதற்கு மார்க்கம் தெரிந்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நுண்ணுயிரிலிருந்து எடுக்கும் ரென்னட்டும் உண்டு. பைக்கற்றில் 'மைக்ரோபியல் ரென்னட்' என்றோ 'வெஜிடேரியன்' என்றோ போட்டிருந்தால் ஆரையம்பதித் தங்கச்சி நிம்மதியாக வாங்கலாம். காத்தான்குடி வாசகி அதோடு ஹலால் முத்திரையையும் பார்த்துக்கொள்ளட்டும். வெறுமனே 'ரென்னட்' என்று மட்டும் இருந்தால் நான் இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுக்க மாட்டேன். தங்கச்சி, தகட்டுப் பெட்டியையும் ஒருமுறை படியுங்கள். சிலவற்றில் முட்டை சேர்ந்திருக்கும்.

வெளிநாட்டுச் சீஸுக்குக் காசு கொடுத்துக் கட்டாது. நம் எருமைத் தயிரையோ வீட்டில் திரித்த பனீரையோ மேலே போட முடியாதா? (களுவாஞ்சிகுடி)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

பனீர் உருகாது. தேசிக்காய்ப் புளியில் திரண்ட பாலை எவ்வளவு சூடாக்கினாலும் அது இளகி ஓடாது, காய்ந்து ஓரம் கருகும். அதை உதிர்த்து, உப்பும் மிளகும் போட்டு நடு அடுக்கில் வையுங்கள், ரிகொட்டாவின் இடத்தை நிரப்பும்.

தயிர் கதை வேறு. எருமைப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. நேப்பிள்ஸ் பக்கத்தின் பேர்போன மொசரெல்லாவும் எருமைப்பாலில் செய்வதுதான். படுவான்கரையிலிருந்து வரும் நல்ல தயிர்ச் சட்டியைச் சாய்த்தாலும் தயிர் அசையாது, கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட புதுத் தயிரில் ஒரு கிலோவை வெள்ளைத் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, அடியில் கோப்பை வைத்து இரவு முழுக்கக் குளிரில் விடுங்கள். காலையில் கோப்பையில் இளம்பச்சைத் தண்ணீர் நிற்கும். துணியைப் பிரித்தால் நெசவின் அச்சு அப்படியே பதிந்த வெள்ளைக் கட்டி. அந்தத் தண்ணீரை ஊற்ற வேண்டாம், ரொட்டிக்கு மா குழைக்க உதவும்.

கட்டியோடு இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி சோளமா, உப்பு, மிளகு, கொஞ்சம் சாதிக்காய்த் தூள் சேர்த்து அடித்து மேல் தகட்டில் தடவுங்கள். சோளமா போடாவிட்டால் சூட்டில் தயிர் திரிந்து நீர் விடும். அதன் மேல் 50 கிராம் செடார் துருவித் தூவினால் போதும். சுட்டதும் வட்டிலப்பம்போல இறுகி, அங்கங்கே சிவந்த புள்ளியோடு வரும். கிரேக்கர்கள் கத்தரிக்காயும் இறைச்சியும் அடுக்கிச் சுடும் மூசாக்காவிலும் தயிரும் முட்டையும் அடித்து மேலே ஊற்றும் வழக்கம் உண்டு. மாட்டிறைச்சியோடு அந்த மெல்லிய புளிப்பு நன்றாகச் சேரும். இரண்டு நாளான புளித்த தயிரில் மட்டும் செய்யாதீர்கள்.

ஓடர் எடுத்துச் செய்கிறேன். மேலே கருகிவிடுகிறது, நடுவே குளிராகவே இருக்கிறது. ஃபொயில் மூடினால் சீஸெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது. (கல்முனை)

180 பாகை செல்சியஸில் முதல் 25 நிமிடம் மூடி, பிறகு 10 முதல் 15 நிமிடம் திறந்து. ஃபொயிலின் உட்பக்கம் எண்ணெய் பூசி, சீஸில் தொடாமல் கூடாரம்போல மூடுங்கள். பார்மசானை மூடி எடுத்த பிறகு தூவுங்கள், அதுதான் முதலில் கருகுவது. வாங்குபவர் வீட்டில் மறுபடி சூடாக்குவார் என்றால் நீங்கள் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். 15 நிமிடம் ஆறாமல் வெட்டவும் வேண்டாம்.

ஓவன் இல்லை. தடித்த சட்டியில் மணல் போட்டு கேக் சுடுவேன். லசான்யா வெந்துவிடுகிறது, சீஸ் வெள்ளையாகவே இருக்கிறது. (வாழைச்சேனை)

சூடு கீழிருந்து மட்டும் வருவதால் அப்படி. பழைய காலத்தில் நம் வீடுகளில் கேக்குக்குச் செய்ததுபோலத் தட்டையான தகர மூடியின் மேல் சிரட்டைக் கரித் தணலைப் பரப்புங்கள், எட்டுப் பத்து நிமிடத்தில் சிவந்துவிடும். தணலுக்கு வசதியில்லையா? துருவிய செடாரையும் பார்மசானையும் ஒட்டாத தாச்சியில் மெல்லிய வட்டமாகத் தூவி, சிறு தீயில் ஓரம் சிவக்கும்வரை விட்டு எடுத்தால் அப்பளம்போல மொறுமொறுக்கும். வடக்கு இத்தாலியில் ஃப்ரியூலி பக்கத்தார் அதை ஃப்ரிகோ என்பார்கள். பரிமாறும்போது லசான்யாவின் மேல் உடைத்துப் போடுங்கள். பக்கத்தில் பேக்கரிப் போறணை இருந்தால், பாண் எடுத்த பிறகு வைத்துத் தர முடியுமா என்று கேட்டும் பாருங்கள்.

பார்மசான் பைக்கற்றைத் திறந்தால் வாந்தி மணம். பழுதாகிவிட்டதா? (மட்டக்களப்பு)

பெரும்பாலும் இல்லை. பழுத்த சீஸில் பியூட்ரிக் அமிலம் உண்டு, வாந்தி மணத்துக்கும் அதே அமிலம்தான் காரணம். சூடு பட்டதும் அது அடங்கி நெய் வாசம்போல ஆகிவிடும். பூஞ்சணமோ பிசுபிசுப்போ இருந்தால் எறிந்துவிடுங்கள்.

இறால் லசான்யாவுக்கு? (திருக்கோவில்)

மொசரெல்லா மட்டும், அதுவும் மெல்லியதாக. செடார் போட்டால் வாவி இறாலின் இனிப்புக் காணாமல் போய்விடும்.

மிச்சச் சீஸை எப்படி வைப்பது? அடிக்கடி மின்வெட்டு. (ஏறாவூர்)

ஒருமுறை கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஒரு கிலோ செடார் கொண்டுவந்தேன். விடிய கல்லடியில் இறங்கிப் பார்த்தால் பை முழுக்க எண்ணெய். அன்றிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றி, உறைந்த தண்ணீர்ப் போத்தலோடுதான் கொண்டுவருவேன்.

வீட்டில் கட்டியாக வைக்காதீர்கள். வாங்கிய அன்றே துருவி, 100 கிராம் கணக்கில் தட்டையான பைகளில் போட்டு உறையவிடுங்கள். பைகளை நெருக்கமாக அடுக்கினால் ஒன்றின் குளிர் மற்றதைக் காக்கும், இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டில் ஒன்றும் ஆகாது. உறைந்த மொசரெல்லாவை இளகவிடாமல் அப்படியே தூவலாம். கட்டியாக வைத்த செடாரிலோ பார்மசானிலோ பூஞ்சணம் கண்டால் சுற்றி ஓர் அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம். துருவிய சீஸில் கண்டால் பையோடு எறியுங்கள்.