“விண்டோஸ் அழிந்துவிட்டது” என்று கடைக்காரர் சொன்னால்

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளின் மடிக்கணினியில், இருக்கும் விண்டோஸுடன் லினக்ஸ் இயங்குதளத்தையும் சேர்த்து ஏற்றித் தரும்படி தருமபுரியில் ஒரு கடையில் கொடுத்து, யூ.பி.ஐ. மூலம் 600 ரூபாய் செலுத்தினேன், பில் தரவில்லை. இப்போது இயக்கினால் லினக்ஸ் மட்டுமே வருகிறது. கேட்டால், “விண்டோஸ் அழிந்துவிட்டது, லினக்ஸ் ஏற்றினால் அப்படித்தான் ஆகும், முழுவதும் ஃபார்மட் செய்து மறுபடி ஏற்ற 1,500 ரூபாய்” என்கிறார்கள். அவளுடைய கோப்புகள் எல்லாம் விண்டோஸில்தான் உள்ளன. என்ன செய்வது? (பென்னாகரம் வாசகர்)

பதில்: முதலில், ஃபார்மட் செய்ய எக்காரணம் கொண்டும் சம்மதிக்காதீர்கள், மடிக்கணினியை உள்ளது உள்ளபடியே வாங்கி வந்துவிடுங்கள். “முழு வட்டையும் அழித்து நிறுவு” என்பதைக் கடைக்காரர் தேர்ந்தெடுத்திருந்தால் ஒழிய, விண்டோஸும் கோப்புகளும் வட்டில் அப்படியே இருக்கவே வாய்ப்பு அதிகம். லினக்ஸிலேயே ‘டிஸ்க்ஸ்’ என்ற செயலியைத் திறந்தால் வட்டின் பகுதிகள் கட்டம் கட்டமாகத் தெரியும், என்.டி.எஃப்.எஸ். (விண்டோஸ் கோப்புகளை வைக்கும் முறை) என்றோ பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) என்றோ குறிக்கப்பட்ட ஒரு பெரிய பகுதி அங்கே இருந்தால், அழிந்தது விண்டோஸ் அல்ல, அதற்குப் போகும் வழி மட்டுமே மறைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அந்த வழியைக் காட்டுவதுதான் பூட் லோடர், அதாவது கணினியை இயக்கியதும் இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல். இன்றைய மடிக்கணினிகளில் யூ.இ.எஃப்.ஐ. என்ற தொடக்க முறைப்படி வட்டில் ஒரு சிறு பொதுப் பகுதி ஒதுக்கப்பட்டு, ஒவ்வோர் இயங்குதளமும் தன் பூட் லோடரை அதில் தனக்கான உறையில் (ஃபோல்டரில்) வைத்துக்கொள்கிறது. எது முதலில் இயங்க வேண்டும் என்ற வரிசை மட்டும் தாய்ப்பலகையின் நினைவகத்தில் எழுதப்படுகிறது. நம் பக்கத்துக் கூட்டுக்கிணற்றைப் போன்ற ஏற்பாடு இது. கிணறு பொது, தண்ணீர் இறைக்க ஆளுக்கொரு முறை உண்டு. புதிதாகப் பங்கு வாங்கியவர் யாரிடமும் சொல்லாமல் முதல் முறையைத் தனக்கென்று எழுதிக்கொண்டால் எப்படி இருக்கும்? உங்கள் மகளின் மடிக்கணினியில் நடந்திருப்பது பெரும்பாலும் அதுதான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. லினக்ஸின் பூட் லோடரான கிரப், முன்பெல்லாம் மற்ற இயங்குதளங்களைத் தானே தேடித் தன் பட்டியலில் சேர்த்துவிடும். பிற பகுதிகளைத் தானாகத் திறந்து பார்ப்பது பாதுகாப்புக்குக் கேடு என்று கருதி, 2021இல் வெளிவந்த 2.06 பதிப்பில் அந்தத் தேடலை இயல்பு நிலையில் நிறுத்திவிட்டார்கள். காரணம் நியாயமானதுதான், ஆனால் வட்டில் விண்டோஸ் இருப்பதைக் கண்ட பிறகும், “இதையும் பட்டியலில் காட்டவா?” என்று ஒரு வார்த்தை கேட்காத நிறுவு நிரலை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. என்ன இருக்கிறது என்பதை நிறுவும் முன்பே காட்டுவதும், பிறர் உறையைத் தொடாமல் இருப்பதும், வரிசையை மாற்ற அனுமதி கேட்பதும் அதன் கடமை என்பேன். இதில் விண்டோஸும் உத்தமர் அல்ல. அது கேட்காமலே தன்னை முதலில் வைத்துக்கொள்ளும், லினக்ஸைத் தன் பட்டியலில் சேர்ப்பதும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவே. மடிக்கணினியை அணைத்து, மீண்டும் இயக்கும் பொத்தானை அழுத்தியவுடன் எஃப்12 விசையை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ வகைகளுக்கு அந்த விசை, எச்.பி. வகைக்கு எஃப்9. சென்ற மாதம் ஒரு நண்பரின் மடிக்கணினியில் இதைச் செய்தபோது, கறுப்புத் திரையில் இரண்டே வரிகள் வந்தன: மேலே உபுண்டு (லினக்ஸின் ஒரு வகை), கீழே விண்டோஸ் பூட் மேனேஜர். அம்புக்குறியால் ஒரு வரி இறங்கி என்டரைத் தட்டியதும், அழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட விண்டோஸ் பழைய முகப்புப் படத்துடன் வந்து நின்றது. செலவு ஒரு பைசா இல்லை. உங்களுக்கு அதற்குப் பதிலாக நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்டால் பயப்பட வேண்டாம். நம்பகமான பூட் லோடரை மட்டும் இயங்கவிடும் ‘செக்யூர் பூட்’ என்ற பாதுகாப்பைக் கடையில் நிறுத்தியிருந்தால் பிட்லாக்கர் அப்படிக் கேட்கும். உங்கள் மகள் விண்டோஸை முதன்முதலில் அமைத்தபோது பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். விண்டோஸ் திறந்ததும் கோப்புகளை வெளி வட்டில் நகல் எடுத்த பிறகே மற்ற எதையும் தொடுங்கள்.

இனி உரிமை பற்றி. லினக்ஸ் இலவசமாகக் கிடைப்பது. இலவசச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் ‘சேவை’ என்ற வரையறைக்குள் வராது. ஆனால் கடைக்காரர் செய்தது கட்டணச் சேவை. இரண்டும் இயங்கும்படி ஏற்றித் தரப் பணம் பெற்று ஒன்றை மட்டும் இயங்க வைத்துக் கொடுத்தது சேவைக் குறைபாடு. அழியாததை அழிந்ததாகச் சொல்லி மேலும் பணம் கேட்டதும், பில் தராததும் முறையற்ற வணிகம் என்று வாதிடலாம். உங்கள் யூ.பி.ஐ. பதிவே பணம் செலுத்தியதற்குச் சான்று. முதலில் கடைக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் தீரவில்லை என்றால், தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. 600 ரூபாய்க்காக ஆணையம் வரை போக வேண்டுமா என்று கேட்டால், கோப்புகள் பத்திரமாக இருக்கும் வரை வேண்டாம் என்பேன். ஃபார்மட் செய்து அவற்றை இழக்க வைத்திருந்தால் கட்டாயம் போகச் சொல்வேன்.

கேள்வி: பள்ளியில் கிடைத்த பழைய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்றியதும், கூடவே இருந்த லினக்ஸ் காணாமல் போய்விட்டது. கடையைக் குறை சொல்லலாமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: முன்பே எச்சரிக்கவில்லை என்ற அளவில் சொல்லலாம். யூ.இ.எஃப்.ஐ.க்கு முந்தைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டில் 446 பைட் மட்டுமே பூட் லோடருக்கான இடம்; அங்கே ஒருவருக்குத்தான் இடம் உண்டு. விண்டோஸ் நிறுவு நிரல் கேட்காமலே அதன் மேல் தன்னுடையதை எழுதிவிடும். லினக்ஸ் பகுதி வட்டில் இருந்தால், லைவ் பென்டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை இயக்கும் பென்டிரைவ்) கணினியை இயக்கி கிரப்பை மட்டும் மீண்டும் எழுதினால் போதும்; தெரிந்தவருக்கு அரை மணி நேர வேலை. அடுத்த முறை விண்டோஸை முதலிலும் லினக்ஸைப் பின்பும் ஏற்றச் சொல்லுங்கள்.