அவனையே தட்டச்சு செய்யச் சொன்னாயா?

கேள்வி: தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி ஆண்டு மலருக்காக, எங்கள் வளாகத்தில் நடக்கும் 'பன்முகத்தன்மை விழா'வைக் கிண்டல் செய்து ஒரு கதை எழுதினேன். அதில் 'சலுகைச் செல்வன்' என்று ஒரு பாத்திரம். யாரையும் குறிப்பிட்டு எழுதவில்லை. எனக்குத் தமிழ்த் தட்டச்சு வராது. என் அறைத் தோழன்தான் தட்டச்சு செய்து கொடுத்தான். அவன் எஸ்.சி. கோட்டாவில் வந்தவன், ஆனால் நான் அதெல்லாம் பார்ப்பவன் இல்லை. பொங்கலுக்குத் திருநெல்வேலிப் பக்கம் அவன் வீட்டில் மூன்று நாள் தங்கியிருக்கிறேன். நான் மேனேஜ்மென்ட் சீட் என்பதால் அவனோடு எனக்குப் போட்டியும் கிடையாது. இப்போது என்னிடம் பேசுவதே இல்லை. வேறு அறை கேட்டிருக்கிறான். கொடுக்க வேண்டாம் என்று வார்டனிடம் மனு கொடுத்திருக்கிறேன். 'மன்னிப்புக் கேட்டால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்' என்கிறார் அம்மா. கற்பனைக் கதைக்கு இவ்வளவு கோபமா? கையெழுத்துப் பிரதியையும் தட்டச்சுப் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: தம்பி, தட்டச்சு வராது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. யாரை வைத்துச் சிரிப்பு மூட்ட நினைத்தாயோ, அவன் கையாலேயே அதைத் தட்டச்சு செய்ய வைத்திருக்கிறாய். பதினொரு பக்கம். யாரையும் குறிப்பிடவில்லை என்கிற கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். சலுகைச் செல்வன் பூட்டு உடைந்த சூட்கேஸைக் கயிற்றால் கட்டிக்கொண்டு விடுதிக்கு வருகிறான். அந்தக் கயிற்றை நீ எங்கே பார்த்தாய்?

இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உன் கையெழுத்தில் பாதி இடங்களில் ஒற்றெழுத்தைக் காணோம். தட்டச்சில் அத்தனையும் சரியாக இருக்கின்றன. ஏழாம் பக்கத்தில் செல்வனின் தாய் போனில் பேசுகிறாள். ஸ்காலர்ஷிப் பணம் வந்ததும் டி.வி. வாங்க வேண்டும் என்கிறாள். (பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் கிடைக்கிற பணம் அது. கட்டணம் கட்டிய பிறகு அதில் எந்த டி.வி.யை வாங்குவது?) அவள் பேச்சை நீ சென்னைப் பேச்சாக எழுதியிருந்தாய். தட்டச்சுப் பிரதியில் அது அச்சு அசல் நெல்லைப் பேச்சாகியிருக்கிறது. தன் தாயைக் கேலி செய்யும் வசனத்தில் இருந்த பிழையைக்கூடத் திருத்திக் கொடுத்திருக்கிறான் அந்தப் பிள்ளை. அதை நீ படித்தும் பார்க்கவில்லை, அப்படியே மலர்க் குழுவிடம் கொடுத்துவிட்டாய். இதற்கு மேல் அவன் உன்னிடம் என்ன பேச வேண்டும்?

அந்த அம்மாள் சமைத்ததை மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறாய். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று உன் வீட்டில் ஒருவரும் சொல்லித் தரவில்லையா? இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஒரு வீட்டில் கை நனைத்தவன் அந்த வீட்டுத் தாயைச் சபையில் நிறுத்திச் சிரிக்கக் கூடாது. கற்பனை, கருத்துச் சுதந்திரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

உனக்கு எழுத வராது என்று சொல்லவில்லை. முதல் இரண்டு பக்கங்களில் வாய்விட்டே சிரித்தேன். மாநிலத்துக்கு ஒருவரை உடை உடுத்தி மேடையில் நிறுத்துகிறார்கள். பஞ்சாபுக்கு ஆள் கிடைக்காமல் திண்டுக்கல் பையனுக்குத் தலைப்பாகை கட்டிவிடுகிறார்கள். 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று கல்லூரி முதல்வர் முழங்கும்போது தலைப்பாகை அவிழ்ந்து விழுகிறது. நம் ஊர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்கிற வேலை இது. அவன் ராஜாவையே நக்கல் செய்வான், ஊர்ப் பெரியவர்களையும் விட மாட்டான். மூன்றாம் பக்கத்தில் நீ முதல்வரை விட்டுவிட்டாய். ஓட்டப்பந்தயத்தில் சலுகைச் செல்வனை மற்றவர்களுக்கு இருபது மீட்டர் முன்னால் நிறுத்திவிட்டாய்.

உன் நண்பன் கணக்கு நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு, கவுன்சலிங்கில் வந்தவன். 69 சதவீத இட ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களோடு போட்டி போட்டு அதில் ஓர் இடம் பிடித்திருக்கிறான். தனியார் கல்லூரிகள் 35 சதவீத இடங்களைத் தாங்களே நிரப்பிக்கொள்ளலாம். சிறுபான்மைக் கல்லூரி என்றால் பாதி. நீ அந்த வழியில் வந்தவன். பந்தயத்தில் ஓடாமலேயே முடிவுக் கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனை உன் கதையில் தேடிப் பார்த்தேன், காணவில்லை. நன்கொடை வசூலிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. ரசீது இல்லாமல் ஏதாவது கொடுத்தாரா என்று அப்பாவைக் கேள். இல்லையென்றால் சந்தோஷம். ஆம் என்றால் அடுத்த கதை தயார். பாத்திரம் தேடித் திருநெல்வேலி வரை போக வேண்டாம்.

அம்மாவுக்கும் ஒரு கேள்வி. தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான் என்கிறீர்களே, அவன் உங்கள் வீட்டு வாசற்படியாவது ஏறியிருக்கிறானா? உங்கள் மகன் அங்கே போய்ச் சாப்பிட்டது கடிதத்தில் இருக்கிறது. அவன் உங்கள் வீட்டுக்கு வந்ததாக ஒரு வரியும் இல்லை. பிள்ளை தவறு செய்தால் காதைப் பிடித்து இழுத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டியது தாய். நீங்களே தடுத்தால் வேறு யார் செய்வார்கள்?

தம்பி, முதலில் கதையைத் திரும்பப் பெறு. பிறகு, அறையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் அவனிடம் போய், 'உன் அம்மாவைக் கேலி செய்தேன், உன்னையே தட்டச்சு செய்யவும் வைத்தேன், தவறு' என்று சொல். 'உன் மனம் புண்பட்டிருந்தால்' என்று ஆரம்பித்தாயானால் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்துவிடு. அவன் தாய்க்குப் போன் செய்து அழுது உன் பாரத்தை இறக்கி வைக்காதே. அவன் இதை வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டான். அவன் மறுபடி உன்னோடு பேசுவதும் பேசாததும் அவன் விருப்பம். வார்டனிடம் கொடுத்த மனுவை நாளைக் காலையிலேயே வாங்கிவிடு. அவனுக்கு வேறு அறை கிடைக்கட்டும்.