ஸ்டேர்ஸ்டெப்ஸ் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' படத்தில் வரும் 'ஊ சைல்ட்' பாட்டைப் பாடியது யாரென்று தேடி ஃபைவ் ஸ்டேர்ஸ்டெப்ஸ் குழுவைக் கண்டுபிடித்தேன். ஒரு அக்கா, நான்கு தம்பிகள். இவ்வளவு நன்றாகப் பாடியவர்கள் ஏன் மறக்கப்பட்டார்கள்? மைக்கேல் ஜாக்சனும் அவர் அண்ணன்மாரும் பாடிய ஜாக்சன் 5 குழு வந்ததுதான் காரணமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எல்லோரும் சொல்லும் காரணம் அதுதான். ஆனால் பழியை ஜாக்சன் பிள்ளைகள்மேல் போட எனக்கு மனம் வரவில்லை.

இவர்கள் சிகாகோவின் பர்க் குடும்பம். அப்பா கிளாரன்ஸ் பர்க் போலீஸ் துப்பறிவாளர். குழுவை நடத்தியதும், கூடவே பேஸ் கிட்டார் வாசித்ததும் அவர்தான். பிள்ளைகள் வயதுப்படி வரிசையாக நின்றால் படிக்கட்டு மாதிரி இருக்கிறார்களே என்று அம்மா வைத்த பெயர் ஸ்டேர்ஸ்டெப்ஸ். 1966இல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்ட் தன் விண்டி சி இசைத்தட்டு நிறுவனத்தில் இவர்களின் முதல் தட்டை வெளியிட்டார். ஜாக்சன் 5 மோட்டவுன் என்ற பெரிய நிறுவனத்தில் முதல் தட்டைப் போட்டது 1969இல். 'சோல் இசையின் (கறுப்பின அமெரிக்கர்களின் பாட்டு வகை) முதல் குடும்பம்' என்ற பட்டம் இவர்களுடையது.

ஜாக்சன்களுக்கு மோட்டவுன் இருந்தது. பாட்டு எழுத, இசைக்க, மேடையில் நடக்கச் சொல்லித்தர ஆள் வைத்திருந்த இடம். பர்க் பிள்ளைகளோ விண்டி சி, புத்தா, கர்டம், மறுபடி புத்தா என்று நிறுவனம் நிறுவனமாக அலைந்தார்கள். எங்கும் கால் ஊன்றவில்லை. முக்கியமான காரணம் இதுதான் என்பேன்.

1970இல் வந்த 'ஊ சைல்ட்' ஸ்டான் வின்சென்ட் எழுதித் தயாரித்தது. பீட்டில்ஸின் 'டியர் ப்ரூடன்ஸ்' பாட்டை இவர்கள் பாடிய தட்டின் பின்பக்கத்தில் இருந்தது. அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் 8ஆம் இடம் வரை போனது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் வாங்கிக்கொள்வதைக் கவனியுங்கள். ஒரே வீட்டுக் குரல்கள் என்பதால் எங்கே கைமாறியது என்றே தெரியாது. துயரப்படும் ஒருவரைச் சுற்றி வீடே உட்கார்ந்து தேற்றுகிற உணர்வு அப்படித்தான் வருகிறது. ஆனால் அதே வருடம் ஜாக்சன் 5 அடுத்தடுத்து நான்கு பாடல்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனது.

அப்புறம் அக்கா அலோஹி விலகினார். தம்பிகள் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனின் டார்க் ஹார்ஸ் நிறுவனத்துக்காக 1976இல் ஒரு ஆல்பம் செய்தார்கள். அதோடு குழு முடிந்தது. தம்பிகளில் ஒருவரான கெனி பர்க் தனியாக 1982இல் பாடிய 'ரைசின் டு த டாப்' பாட்டை ஹிப்-ஹாப்காரர்கள் இன்றுவரை எடுத்தாள்கிறார்கள்.

எனக்கு வருத்தம் வேறு. மூத்த மகன் கிளாரன்ஸ் ஜூனியர் பதின்வயதிலேயே குழுவுக்குப் பாட்டு எழுதியவர். உலகம் நினைவில் வைத்திருப்பதோ வெளியாள் எழுதிக் கொடுத்த ஒன்றை மட்டும். 1966இன் 'வேர்ல்ட் ஆஃப் ஃபேன்டசி'யைத் தேடிக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.