தம்பிக்கு என் அழுகை தெரியவில்லையா?

வணக்கம் மேடம். என் தம்பிக்கு 27 வயது. மூன்று வருடமாக மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. பக்கத்து வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினால்கூடத் தன்னைத்தான் கிண்டல் செய்கிறார் என்பான். "எனக்கு ஒரு வியாதியும் இல்ல" என்று மாத்திரையைத் துப்பிவிடுகிறான். அதனால் அம்மா அதைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறார். போன மாதம் என் கல்யாணம் நின்றுபோனது. அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். தம்பி வந்தான், என்னைத் தாண்டிப் போய் டம்ளரை எடுத்தான், "காபித்தூள் எங்க இருக்கு?" என்றான். சின்ன வயதில் என் முகம் வாடினாலே ஓடி வருகிற பிள்ளை. பாசமே அற்றுப்போய்விட்டதா?
- மதுரையிலிருந்து ஓர் அக்கா

அன்புள்ள சகோதரிக்கு,

பாசம் அற்றுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் முகத்தையும் குரலையும் பார்த்து, அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று நாம் யோசிக்காமலே கணித்துவிடுகிறோம். இந்த நோயில் பலருக்கு அந்தக் கணிப்பு தடுமாறும். சில நேரம் எதுவுமே பிடிபடாது, அன்று அடுப்படியில் நடந்ததுபோல. சில நேரம் இல்லாத அர்த்தம் பிடிபடும். செருமல் கிண்டலாவது அப்படித்தான். தன் மனதில் ஓடுவதைத் தன்னுடையது என்று அடையாளம் காண்பதும் இதோடு சேர்ந்தே தடுமாறுகிறது என்று பிரிட்டன் உளவியலாளர் கிறிஸ் ஃபிரித் 1992-ல் எழுதினார். "வியாதி இல்ல" என்று தம்பி சொல்வதை வீம்பு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அதுவும் நோயின் ஒரு பகுதியே.

அதனால் அவன் முகம் பார்த்துப் புரிந்துகொள்வான் என்று காத்திருக்க வேண்டாம். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "தம்பி, கல்யாணம் நின்னுபோச்சு. அழுகையா வருது. கொஞ்ச நேரம் பக்கத்துல உட்காரு." பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் "பொய்" என்று வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்கு அப்படித் தோணல. ஆனா உனக்குக் கஷ்டமா இருக்கும்ல" என்றால் போதும்.

எனக்குக் கவலையெல்லாம் அந்தத் தயிர்சாதம்தான். ஒருநாள் நாக்கில் கசப்பு தட்டினால், சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று சந்தேகப்படுவான். அந்தச் சந்தேகம் உண்மையாகவும் இருக்கும்! அப்புறம் அம்மா கையால் தண்ணீர்கூட வாங்க மாட்டான். பொடிக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு. ஆனால் நீங்களாக மருந்தைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் நடப்பதைச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடுகிற ஊசிகள் இருக்கின்றன. தம்பி சம்மதிக்க வேண்டும் என்பது உண்மை. நோயின் பெயரை வைத்துச் சண்டை போடாமல், தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்று அவனே சொல்வதிலிருந்து பேச்சைத் தொடங்கினால் வழி பிறக்கலாம்.

கல்யாணம் நின்றதைப் பற்றி ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அதை யாரிடமாவது பேசினீர்களா? அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். தம்பிக்காக மட்டும் கூப்பிடாதீர்கள். உங்களுக்காகவும் ஒருமுறை கூப்பிடுங்கள்.