பல்கலைக்கழக வளாகத்தில் மாணவர்களின் பாதுகாப்பை உண்மையில் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

தங்கள் மகள் இந்த ஆண்டு பல்கலைக்கழக விடுதியில் சேரவிருப்பதாகவும், அங்கே இரவில் அவளுக்குப் பாதுகாப்பாக இருப்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டுகள் வேதியியல் ஆய்வு மாணவியாகவும், பிறகு வேறொரு வளாகத்தில் நான்கு ஆண்டுகள் மகளிர் விடுதித் துணைக் காப்பாளராகவும் இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

ஏட்டின்படி பார்த்தால் பொறுப்பாளர்கள் பலர் உண்டு. 1996இல் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் கொலையுண்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் ராகிங் தடுப்புக் குழு இருக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தல் குறித்த புகார்களுக்கு உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இவை அனைத்தும் தேவையானவையே. ஆனால் இரவு பதினொரு மணிக்குமேல் வளாகத்தில் விழித்திருப்பவர்கள், மாணவர்கள் ‘செக்யூரிட்டி அண்ணா’ என்றும் ‘செக்யூரிட்டி அக்கா’ என்றும் அழைக்கும் காவலர்கள்தாம்.

ஆய்வின் மூன்றாம் ஆண்டில் ஒருநாள், ஒரு வேதிவினையை டொலுயீன் என்னும், எளிதில் தீப்பற்றும் கரைப்பானில் இரவு முழுவதும் கொதிக்கும்படி வைத்துவிட்டு, ஆவியைக் குளிர்வித்துத் திரும்பக் குடுவைக்கே இறக்கும் குளிர்விப்பானில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பியிருந்தேன். பகலில் எல்லா ஆய்வகங்களிலும் குழாய்கள் திறந்திருப்பதால் தண்ணீரின் அழுத்தம் குறைவாக இருக்கும். நள்ளிரவுக்குப் பிறகு அவை மூடப்பட்டதும் அழுத்தம் ஏறும். நான் கம்பி சுற்றி இறுக்காமல் விட்டிருந்த ரப்பர் குழாய் அப்படித்தான் கழன்றுகொண்டது. குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல், அடியில் மின்சூடேற்றி மட்டும் ஓடிக்கொண்டிருக்க, கரைப்பான் ஆவியாகி அறை முழுவதும் பரவத் தொடங்கியது.

இரண்டு மணிச் சுற்றுக்கு வந்த காவலர் கதவின் அடியில் தண்ணீர் கசிவதைக் கண்டிருக்கிறார். யாரோ குழாயை மூடாமல் போய்விட்டார்கள் என்று அவர் கடந்து போயிருக்கலாம். ஆனால் நின்று முகர்ந்து பார்த்தார். தாழ்வாரத்துக் கோடியிலிருந்த மின்பலகையில் அந்த அறைக்கான இணைப்பைத் துண்டித்த பிறகே சாவியை வாங்கி வந்து கதவைத் திறந்து வைத்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த என் எண்ணை அழைத்தார். நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது குடுவையில் இரண்டு விரற்கடை அளவே கரைப்பான் மிஞ்சியிருந்தது. “தின்னர் வாடை அடிச்சுதும்மா, அதான் உள்ள லைட்டப் போடல, மெயின ஆஃப் பண்ணிட்டேன்,” என்றார். அந்த நேரத்தில் உள்ளே ஒரு சுவிட்சைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு எந்தப் பேராசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறேழு ஆண்டுகளாக அதே கட்டடத்தைச் சுற்றி வந்ததில், எந்த அறையில் எந்த நேரத்தில் என்ன சத்தம் கேட்கும், என்ன வாடை வரும் என்பது அவருக்குப் பழகியிருந்தது. அதே தாழ்வாரத்தில் ஒரு கேமராவும் இருந்தது. தண்ணீர் கசிந்தது அதிலும் பதிவாகியிருந்ததை மறுநாள்தான் பார்த்தோம்.

துணைக் காப்பாளராக இருந்தபோது கண்டதும் இதுவே. ஒருநாள் மாலை விடுதி வாயிலில் இருந்த அக்கா என்னிடம் வந்து, “அந்த முதல் வருசத்துப் பிள்ளை மூணு நாளா மெஸ் பக்கமே போகலைங்க மேடம், கூப்பிட்டு என்னன்னு கேளுங்க,” என்று மெல்லச் சொன்னார். கேட்டபோதுதான், வெளியாள் ஒருவன் படங்களை வைத்து அவளை மிரட்டி வருவது தெரிந்தது. பெற்றோரை வரவழைத்து, காவல் நிலையம் வரை உடன் சென்றோம். இருநூறு பிள்ளைகள் சாப்பிடப் போய்வரும் வாயிலில், போகாத ஒருத்தியைக் கவனித்தவர் அந்த அக்கா.

அடுத்த கல்வியாண்டுத் தொடக்கத்தில் அவர் அங்கே இல்லை. காவலர்களை அனுப்பிவந்த தனியார் பாதுகாப்பு முகமையின் ஒப்பந்தம் முடிந்து, குறைந்த விலைப்புள்ளி கொடுத்த வேறொரு நிறுவனத்துக்குப் பணி போனதால், பழைய ஆட்கள் அனைவரும் ஒரே நாளில் மாற்றப்பட்டிருந்தார்கள். புதிதாக வந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு முகங்கள் பழகவே ஓராண்டு ஆயிற்று. ஒரு வளாகத்தின் பாதுகாப்பில் மிகப் பெரிய ஓட்டை சுற்றுச்சுவரில் இல்லை, இந்த ஒப்பந்த முறையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2005இல் வந்தது. மத்திய அரசு 2006இல் வெளியிட்ட மாதிரி விதிகள், ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் தரவேண்டும் என்றன. முன்னாள் படைவீரர்களுக்கு அதைவிடக் குறைவு. மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிகள், வளாகத்தில் போதிய வெளிச்சம் வேண்டும், காவலர்களில் பெண்கள் தக்க அளவில் இருக்க வேண்டும், அவர்களுக்குப் பாலின விழிப்புணர்வுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கின்றன. நான் பழகிய காவலர்களோ எட்டுக்கு எட்டு என்று பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்கள். மாற்று ஆள் வராத நாளில் அடுத்தவருடைய பணிநேரத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள். வாயிலில் இருந்த அக்காவுக்குக் கழிப்பறை விடுதியின் பின்கட்டில் இருந்தது. அவர் போய்வரும் பத்து நிமிடமும் வாயிலில் யாரும் இல்லை. கடைகளில் வேலை செய்வோருக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தபோது, வாயிலில் நிற்கும் இவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, சேர்க்கைக்குச் செல்லும் நாளில் விளம்பர ஏட்டையும் கேமராக்களின் எண்ணிக்கையையும் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். முடிந்தால் இரவு எட்டு மணிக்கு, ஆள் மாறும் நேரத்தில் விடுதி வாயிலுக்குப் போய், அங்கே இருப்பவரிடம் எத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறார் என்று கேளுங்கள். இரவில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவர் யாரை அழைப்பார், அந்த எண் சாவடியில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறதா, நூலகத்திலிருந்து விடுதிக்கு வரும் பாதையில் எந்த விளக்கு எரிவதில்லை என்றும் கேளுங்கள். விளக்கு பற்றிய கேள்விக்கு அவர் யோசிக்காமல் பதில் சொன்னால், அந்தப் பாதையில் இரவில் அவர் நடக்கிறார் என்று பொருள். தங்கள் மகளையும் அவரிடம் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.