பழைய பக்கம் உடையக் கூடாது: பிரவுசரின் வசதிகளும் எல்லைகளும், கேள்வி பதில்

இணையப் பக்கங்கள் எழுதுவதுதான் இருபது வருடமாக என் வேலை. பிரவுசர் பழையதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது தானாகத் தரும் வசதிகளை எதுவரை நம்பலாம் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். நிரல் எழுதாதவர்களும் கேட்டிருப்பதால் முடிந்தவரை எளிமையாகச் சொல்கிறேன்.

கேள்வி: ஐந்து வருடம் முன்பு வாங்கிய ஒரு செயலி என் புது போனில் திறக்கவே மாட்டேன் என்கிறது. ஆனால் இருபத்தைந்து வருடப் பழைய இணையப் பக்கம் அப்படியே திறக்கிறது. இது எப்படி அக்கா?

பதில்: செயலி பழசாகிவிட்டால், அதை எழுதியவரிடம் "புதுப்பித்துக் கொடு, இல்லையென்றால் எடுத்துவிடுவோம்" என்று சொல்ல ஆப் ஸ்டோருக்கு வழி இருக்கிறது. இணையத்தில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை. பக்கத்தை எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம், உயிரோடு இல்லாமலும் போயிருக்கலாம். பக்கம் மட்டும் எங்கோ ஒரு சர்வரில் கிடக்கிறது. பிரவுசரோ சில வாரங்களுக்கு ஒருமுறை மாறுகிறது. நேற்றுத் திறந்த பக்கம் இன்று திறக்கவில்லை என்றால் பார்ப்பவர் பிரவுசரைத்தான் திட்டுவார், வேறு பிரவுசருக்கும் போய்விடுவார். அதனால்தான் "இருப்பதை உடைக்காதே" என்பது பிரவுசர் எழுதுகிறவர்களுக்கு முதல் விதியாக இருக்கிறது. 1991இல் செர்ன் ஆய்வகத்தில் எழுதிய முதல் இணையப் பக்கத்தின் நகலை இன்றைய குரோமிலும் படிக்கலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. தப்பாகப் பிறந்தது தப்பாகவே இருக்கும். பக்கங்களை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் 'நல்' என்பதன் வகை என்ன என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்', அதாவது பொருள் என்று பதில் வரும். அது 1995இல் வந்த பிழை. திருத்தலாம் என்று பின்னாளில் ஒரு முன்மொழிவு வந்தது. அந்தத் தவறான பதிலை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம் என்பதால் கைவிட்டுவிட்டார்கள். இன்னொன்று, தேதியிலிருந்து ஆண்டைக் கேட்கும் 'கெட்இயர்'. அது 1900ஐக் கழித்துவிட்டுத்தான் ஆண்டைச் சொல்லும். 2000 பிறந்ததும் 100 என்றது. முன்னால் '19' என்று ஒட்டி எழுதிய பக்கங்களில் ஆண்டு 19100 என்று வந்தது. அதைத் திருத்தினார்களா? இல்லை. 'கெட்ஃபுல்இயர்' என்று சரியான ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழையதை அப்படியே விட்டுவிட்டார்கள். இன்றும் அது அதே பதிலைத்தான் சொல்கிறது.

கேள்வி: அப்படியானால் அசையும் படங்களையும் விளையாட்டுகளையும் பக்கத்தில் ஓட்டிய ஃப்ளாஷ் மட்டும் ஏன் போனது?

பதில்: அது இணையத்தின் தரநிலையில் என்றைக்கும் இருந்ததில்லை. ஒரு நிறுவனத்தின் தனிச் செருகுநிரல் அது. 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃப்ளாஷ் கோப்புகளை ஓட விடாமல் தடுத்தது. பழைய விளையாட்டு ஏதாவது திறக்க வேண்டும் என்றால் 'ரஃபிள்' என்ற திறமூல எமுலேட்டரை (ஃப்ளாஷைப் போலவே நடந்துகொள்ளும் நிரலை) முயன்று பாருங்கள். நிறைய ஓடுகிறது.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்டில், அடுக்குக்குள் அடுக்காக இருக்கும் அர்ரேவை (மதிப்புகளின் பட்டியலை) தட்டையாக்க 'ஃப்ளாட்' என்று ஒரு மெத்தட் (அதன் மேல் கூப்பிடும் கட்டளை) இருக்கிறது. மற்ற மொழிகளில் 'ஃப்ளாட்டன்' என்றுதானே பார்த்திருக்கிறேன். இங்கே மட்டும் ஏன் இப்படி?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதற்கும் முதலில் 'ஃப்ளாட்டன்' என்றுதான் பெயர் வைத்தார்கள். 2018இல் ஃபயர்பாக்ஸின் சோதனைப் பதிப்பில் சேர்த்துப் பார்த்தபோது, பலர் பார்க்கும் ஒரு தளம் உடைந்தது. காரணம் மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி, அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு. அது அர்ரேயின் மேலேயே தன் சொந்த 'ஃப்ளாட்டன்' ஒன்றை எழுதி வைக்கும்.

அது தன்னுடையதை மேலே எழுதிக்கொள்ளட்டுமே, அதனால் என்ன கெட்டது என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. விஷயம் அடுத்த படியில் இருக்கிறது. மூடூல்ஸ் அர்ரேயின் மேல் இருக்கும் மெத்தட்களை ஒரு லூப் போட்டு, அதாவது ஒவ்வொன்றாக எண்ணி, தன்னுடைய 'எலிமென்ட்ஸ்' என்ற இன்னொரு வகைக்கும் நகலெடுக்கும். பிரவுசரே தரும் மெத்தட்கள் அந்த லூப்பின் கண்ணில் படாது, அப்படித்தான் அவை குறிக்கப்பட்டிருக்கும். ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் மேல் புதிய மதிப்பை எழுதினால் மதிப்புதான் மாறும், கண்ணில் படாது என்ற குறி மாறாது. ஆக, பிரவுசர் 'ஃப்ளாட்டன்' தராத காலத்தில் மூடூல்ஸின் ஃப்ளாட்டன் லூப்பில் தெரிந்தது, நகலானது. பிரவுசர் தர ஆரம்பித்ததும் அது லூப்பில் மறைந்தது, நகலாகவில்லை. 'எலிமென்ட்ஸ்' மேல் அதைக் கூப்பிட்ட பக்கங்கள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன.

மூடூல்ஸைத் திருத்தினால் போதாதா என்று அப்போது பலர் கோபமாகவே கேட்டார்கள். லைப்ரரியைத் திருத்தலாம். அதன் பழைய நகலை வைத்துக்கொண்டு, கவனிக்க ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் தளங்களை யார் போய்த் திருத்துவது? பெயரை மாற்றுவதுதான் வழி. 'ஃப்ளாட்' என்றானது, 2019ஆம் ஆண்டுத் தரநிலையில் சேர்ந்தது. அதற்கு முன்பே, அர்ரேயில் ஒன்று இருக்கிறதா என்று கேட்கும் மெத்தட்டின் 'கன்டெய்ன்ஸ்' என்ற பெயர் இதே மூடூல்ஸால் 'இன்க்ளூட்ஸ்' ஆகியிருந்தது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பிரவுசருக்குச் சொந்தமான பொருள்களின் மேல் உங்கள் மெத்தட்களை ஒட்டாதீர்கள். தனி ஃபங்ஷனாக எழுதுங்கள்.

கேள்வி: படிவத்தில் தேதிக்குப் பிரவுசர் தரும் 'டைப் டேட்' பெட்டியைப் போட்டேன். வாடிக்கையாளர் நாள்-மாதம்-ஆண்டு வரிசையில்தான் தெரிய வேண்டும், காலண்டரின் நிறம் மாற வேண்டும், விடுமுறை நாள்களைத் தேர்ந்தெடுக்க முடியக் கூடாது என்கிறார். எதுவுமே முடியவில்லை, என்ன செய்வது?

பதில்: உங்கள் திறமையில் குறையில்லை. அந்தப் பெட்டியின் எல்லை அதுதான்.

சர்வருக்குப் போகும் மதிப்பு எப்போதும் ஆண்டு-மாதம்-நாள். கண்ணுக்குத் தெரியும் வரிசை, பயன்படுத்துகிறவரின் பிரவுசர் அல்லது கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது. அதைப் பக்கத்திலிருந்து மாற்ற வழியில்லை. விரியும் காலண்டரை அலங்கரிக்கவும் முடியாது. குறைந்தபட்ச, அதிகபட்சத் தேதி வைக்கலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லும் 'ஸ்டெப்'பை 7 என்று போட்டு, ஒரு திங்கள்கிழமையைக் குறைந்தபட்சமாக வைத்தால் திங்கள்கிழமைகள் மட்டும் செல்லும். இது பலருக்குத் தெரியாது. ஆனால் இங்கொன்றும் அங்கொன்றுமாக வரும் விடுமுறை நாள்களை மறைக்க முடியாது.

வாடிக்கையாளரிடம் நான் கேட்கும் கேள்வி இதுதான்: விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தால் "அன்று விடுமுறை, வேறு நாள் பாருங்கள்" என்று ஒரு வரி காட்டினால் போதாதா? பெரும்பாலும் போதும். போதாது என்றால்தான் லைப்ரரி. அப்போதும் அதை வெறும் கீபோர்டால் ஒருமுறை இயக்கிப் பாருங்கள், பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரை வாசிப்பானில் கேட்டும் பாருங்கள். பார்க்க அழகாக இருக்கும் பல காலண்டர்கள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன. பிறந்த தேதிக்குக் காலண்டரே வேண்டாம். எழுபது வயதுக்காரரை எத்தனை மாதம் பின்னால் தட்ட வைப்பது? மூன்று சின்னப் பெட்டி போதும்.

இந்தப் பெட்டியில் அழகான ஒரு விஷயமும் உண்டு. 'டைப் டேட்' என்றால் என்னவென்று தெரியாத பிரவுசர் அதைச் சாதாரண எழுத்துப் பெட்டியாகக் காட்டும். படிவம் உடையாது. மேக் கணினியின் சஃபாரி 2021இல் 14.1 பதிப்பு வரும்வரை அப்படித்தான் காட்டியது. அதில் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். ஒரு முன்பதிவுப் படிவம். ஏப்ரல் 3 என்று நினைத்து ஒருவர் அந்த எழுத்துப் பெட்டியில் 03/04 என்று போட்டு ஆண்டையும் எழுதியிருக்கிறார். என் சர்வர் நிரல் அதை மார்ச் 4 என்று எடுத்துக்கொண்டது. அந்த மனிதர் வந்து நின்றபோது அவர் பெயரே பட்டியலில் இல்லை. நான் சோதித்ததெல்லாம் குரோமில். வந்த மதிப்பு ஆண்டு-மாதம்-நாள் வடிவில் இருக்கிறதா என்று சர்வரில் ஒரு வரி சரிபார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். அதற்கு அப்புறம் அந்த ஒரு வரி இல்லாமல் நான் எந்தப் படிவமும் வெளியிட்டதில்லை.

கேள்வி: பக்கம் கேட்டால் பிரவுசர் காட்டும் 'அலர்ட்', 'கன்ஃபர்ம்' செய்திப் பெட்டிகளின் தோற்றத்தை மாற்ற முடியுமா?

பதில்: முடியாது, மாற்ற விடவும் கூடாது. பக்கம் சொல்வதையும் பிரவுசர் சொல்வதையும் பயனர் பிரித்தறிய வேண்டும். உங்களுக்குத் தேவை, பக்கத்துக்குள்ளேயே நீங்கள் அலங்கரித்துக்கொள்ளக்கூடிய பெட்டியான 'டயலாக்' எலிமென்ட். குரோமில் 2014 முதல் இருக்கிறது. ஃபயர்பாக்ஸிலும் சஃபாரியிலும் 2022 மார்ச்சில் வந்துவிட்டது. தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி: நான் எழுதிய குறிப்புச் செயலி எல்லாவற்றையும் பிரவுசருக்குள்ளேயே இருக்கும் 'லோக்கல் ஸ்டோரேஜ்'இல் சேமிக்கிறது. ஐபோன் வைத்திருக்கும் ஒருவர், இரண்டு வாரம் கழித்து வந்து பார்த்தால் எல்லாம் போய்விட்டது என்கிறார். என் நிரலில் எங்கே தப்பு?

பதில்: நிரலில் தப்பில்லை, நம்பிக்கையில்தான் தப்பு. 2020 முதல் சஃபாரி ஒரு விதி வைத்திருக்கிறது. பயனர் சஃபாரியைப் பயன்படுத்திய நாள்களில் ஏழு நாள் உங்கள் தளத்தைத் தொடவே இல்லை என்றால், உங்கள் ஸ்கிரிப்ட் எழுதிவைத்ததை அழித்துவிடும். பின்தொடர்ந்து வேவு பார்க்கும் நிறுவனங்களைத் தடுக்க வந்த விதி அது. நல்ல நோக்கம்தான், ஆனால் உங்களைப் போன்றவர்களும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். முகப்புத் திரையில் சேர்த்த வலைச்செயலிக்கு இந்த விதி இல்லை.

இது போக, லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு தளத்துக்குச் சுமார் 5 எம்பிதான் இடம், அதுவும் வெறும் எழுத்துச் சரமாக மட்டும். ஒருவர் உட்கார்ந்து எழுதியதை அங்கே மட்டும் வைக்காதீர்கள். சர்வரில் வையுங்கள், முடியாவிட்டால் 'கோப்பாக இறக்கு' என்று ஒரு பட்டனாவது கொடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக மென்பொருள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும்தான் ஓடும். எழுதிக் கொடுத்த நிறுவனமே இப்போது இல்லை. இன்னும் எவ்வளவு நாள் ஓட்டலாம் மேடம்?

பதில்: எக்ஸ்ப்ளோரர் 11க்கு 2022 ஜூன் 15 அன்றே ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எட்ஜ் பிரவுசருக்குள் 'ஐஇ மோட்' என்று ஒன்று இருக்கிறது. உங்கள் மென்பொருள் அதில் ஓடும். எக்ஸ்ப்ளோரருக்கென்று எழுதிய ஆக்டிவ்எக்ஸ் செருகுநிரல்கள் கூட ஓடும். குறைந்தது 2029 வரை அதை வைத்திருப்போம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது.

அந்த ஆண்டைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இந்த மாதமே, மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே இருக்கும் தரவை சிஎஸ்வியாக (எக்செலில் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பாக) வெளியே எடுத்துப் பாருங்கள். எல்லா நெடுவரிசையும் வருகிறதா, தேதிகள் சரியாக வருகின்றனவா, தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறாமல் வருகின்றனவா என்று பாருங்கள். தரவு கைக்கு வந்துவிட்டால் மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: எந்தப் பிரவுசர், எத்தனையாவது பதிப்பு என்று பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் 'யூசர் ஏஜென்ட்' வரியைப் பார்த்து நிரலைப் பிரிக்கலாமா?

பதில்: வேண்டாம். எல்லாப் பிரவுசரும் தன்னை 'மோசில்லா' என்றுதான் சொல்லிக்கொள்கிறது, அதுவும் பழைய பக்கங்களுக்காகத்தான். 2022இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் 100ஆம் பதிப்பைத் தொட்டபோது, இரண்டு இலக்கம் மட்டும் படிக்கும் தளங்கள் உடையுமோ என்று இரண்டு அணியும் முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது. வசதி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் 'சப்போர்ட்ஸ்' விதி அதற்குத்தான்.

கேள்வி: பெட்டியில் பத்து எழுத்துதான் என்று 'மேக்ஸ்லெங்த்' வைத்தேன். தமிழில் ஆறேழு எழுத்திலேயே நின்றுவிடுகிறதே?

பதில்: அது எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியீட்டுத் துண்டுகளை. 'நிலா' நமக்கு இரண்டு எழுத்து. அதற்கு ந, இகரக் குறி, ல, துணைக்கால் என நான்கு. நம் கண்ணுக்குத் தெரிகிறபடி எண்ண ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டெல்.செக்மென்டர்' (Intl.Segmenter) இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 2024இல்தான் வந்தது என்பதால், அது இல்லாத பிரவுசரில் தாராளமான எல்லையோடு விட்டுவிடுங்கள். ஒருவர் பெயரைப் பாதியில் வெட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கேள்வி: 1999இல் அப்பா தன் கவிதைகளை ஒரு தளமாகப் போட்டிருந்தார். கோப்புகள் என்னிடம் இருக்கின்றன. இப்போது திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளுமாக வருகிறது. கவிதைகள் போய்விட்டனவா அக்கா?

பதில்: போகவில்லை. அத்தனையும் அங்கேயே இருக்கின்றன.

அந்தக் காலத்தில் பலர் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்களைத்தான் பயன்படுத்தினார்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்பது கோப்பில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருக்கும். எம் அகரம், கே மகரம், அரைப்புள்ளி மெய்யின் புள்ளி, எச் துணைக்கால். பக்கத்தோடு எழுத்துருவையும் இறக்கித் தரும் நுட்பங்கள் நெட்ஸ்கேப்பிலும் எக்ஸ்ப்ளோரரிலும் தனித்தனியாக இருந்தன. இரண்டுமே மறைந்துவிட்டன. அதனால்தான் இப்போது வெறும் ஆங்கிலம் தெரிகிறது.

கோப்பை நோட்பேடில் திறந்து 'ஃபான்ட் ஃபேஸ்' என்று தேடுங்கள். எழுத்துருவின் பெயர் அங்கே இருக்கும். அந்த 'ஃபான்ட்' டேக் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்ட ஒன்று, ஆனாலும் எல்லாப் பிரவுசரும் இன்றும் அதை மதிக்கிறது. எழுத்துருவைத் தேடிக் கணினியில் நிறுவிவிட்டுப் பக்கத்தைத் திறந்தால், பெரும்பாலும் அப்பா பார்த்தபடியே கவிதைகள் தெரியும்.

அதற்கு அப்புறம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இருக்கின்றன. ஒகர வரிசையில் மட்டும் கவனமாக இருங்கள். பழைய கோப்பில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். நல்ல மாற்றி இதைச் சரியாகச் செய்யும். ஒரு கவிதையை மாற்றி, பழைய எழுத்துருவில் தெரிவதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடுங்கள். எழுத்துரு எது என்று பிடிபடவில்லை என்றால் முதல் நான்கு வரியை அப்படியே எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.